பிஸ்டன் தலையில் அம்பு

அத்தியாயம் 4

"இதுக்கு மேல துப்பறிய இதுல என்ன மேடம் இருக்கு?" என்று கேட்டார் கராஜ் மேனேஜர்.

வாலு இன்ஜினைப் பார்த்தான். சக்கரம் வைத்த மேஜையில் பாதி கழற்றிய நிலையில் கிடந்தது. பரிமாறிவிட்டு யாரும் கை வைக்காமல் எழுந்துபோன சாப்பாடு மாதிரி இருந்தது அவனுக்கு. வெள்ளைத் தரை, வெள்ளைச் சுவர், சுவரெல்லாம் கம்ப்யூட்டர். அந்தப் பழைய இன்ஜின் மட்டும் எண்ணெய் வழிய, தப்பான வீட்டுக் கல்யாணத்துக்கு வந்துவிட்ட விருந்தாளியாக விழித்தது.

காலையிலிருந்து இது மூன்றாவது இடம். முதலில் பல் டாக்டரின் கிளினிக். காரின் சொந்தக்காரர் அவர்தான். ஊரார் வாயையெல்லாம் திறக்க வைக்கும் மனிதர், தன் வாயைத் திறந்து சொன்னது ஒன்றே ஒன்று: "சாயங்காலம் ஆறு மணிக்குப் பழைய கார் சங்கத்துல என் புகார் லெட்டரைப் படிக்கப் போறேன். அதுக்குள்ள என்ன கண்டுபிடிக்கணுமோ கண்டுபிடிச்சுக்கங்க." அடுத்தது கராஜின் தலைமை ஆபீஸ். இன்ஜினைப் பார்க்க அனுமதிச் சீட்டு வாங்க இரண்டு மணி நேரம். சீட்டோடு இங்கே வந்தால் மேனேஜர் சாப்பிடப் போயிருந்தார்.

"பசியாறிட்டீங்களா சார்? அப்ப எங்களைப் பார்க்கலாம்" என்று வாலு ஆரம்பித்தபோதே அண்ணி அவன் காலை மிதித்தாள்.

துப்பறியும் ஆபீஸை நடத்தியது வாலுவின் அண்ணன். தம்பிக்கு வாலு என்று பெயர் வைத்ததும் அவன்தான். ஒன்பது மாதத்துக்கு முன் அண்ணன் இறந்தான்; தலை போய்விட்டது. வால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. ஆபீஸை மூடிவிடுவார்கள் என்று எல்லோரும் நினைத்தபோது, அண்ணி ஒரு நாள் காலையில் வந்து அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தாள். முதல் வாரமே பெரிய சண்டை. ஆளோடு இல்லை, மேஜையோடு. மேஜையின் கீழ் டிராயர் பூட்டியிருந்தது. சாவி எங்கே என்று அண்ணன் எங்கும் எழுதி வைக்கவில்லை. அது இன்றைக்கும் பூட்டியே இருக்கிறது. அண்ணி தினமும் ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, வேறு வேலையில் கோபத்தைக் காட்டுவாள்.

"கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க சார்" என்றாள் அண்ணி மேனேஜரிடம்.

மேனேஜர் பேனாவால் சுட்டிக் காட்டினார். "இது காத்துல குளிர்ற இன்ஜின். ரேடியேட்டர் கிடையாது, தண்ணி கிடையாது. ஒரு காத்தாடி ஊதும், அவ்வளவுதான். காருக்குப் பின்னாடி இருக்கும். நாலு பிஸ்டன், பக்கத்துக்கு ரெண்டா படுத்திருக்கும். பார்த்தீங்களா? இந்தப் பக்கம் ஒண்ணு சுத்தமா இருக்கு, ஒண்ணு உடம்பெல்லாம் கீறல். அந்தப் பக்கமும் அதே கதை. ரெண்டு நல்லது, ரெண்டு மட்டம். அதாவது ரெண்டு ஒரிஜினல், ரெண்டு டூப்ளிகேட். கலந்து கட்டிட்டார் உங்க காத்தாடி மெக்கானிக். முந்நூறு கிலோமீட்டர்கூடத் தாங்கலை. டக் டக் டக்னு ஒரே தட்டல். டாக்டர் பயந்துபோய் நம்மகிட்ட கொண்டாந்துட்டார்."

"டூப்ளிகேட்னு கம்ப்யூட்டர் சொல்லுச்சா?"

"இந்த இன்ஜின் எல்லாம் கம்ப்யூட்டர்ல வராது மேடம். அனுபவம்தான்."

"இந்த மாதிரி எத்தனை இன்ஜின் பிரிச்சிருக்கீங்க சார்?" என்று வாலு பணிவோடு கேட்டான்.

மேனேஜர் பேனாவை மூடினார். "இதுதான் முதல்."

அண்ணி மேஜையைச் சுற்றி வந்தாள். கீறல் விழுந்த இரண்டு பிஸ்டன்களும் ஒரே ஓரத்தில், காற்றாடிப் பக்கம், இருந்தன. அதை அவள் சொல்லவில்லை. கையை மட்டும் நீட்டினாள். "கைக்குட்டை."

"அண்ணி, இது புதுசு."

"இருந்துச்சு."

மண்ணெண்ணெயில் நனைத்து நான்கு பிஸ்டன் தலைகளையும் துடைத்தாள். கரிக்கு அடியில் எழுத்துகள் தெரிந்தன. கம்பெனி முத்திரை, அளவு எண், ஒரு சின்ன அம்பு. ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்தாள். பிறகு பக்கத்துக்கு ஒன்றாக, இரண்டிரண்டு பிஸ்டன் சேர்ந்து தெரியும்படி இரண்டு படம். கைக்குட்டையைத் திருப்பிக் கொடுத்தபோது, அதை மறுபடி கைக்குட்டை என்று அழைக்க வாலுவுக்கு மனம் வரவில்லை.

வெளியே வந்ததும் வெயில் முகத்தில் அறைந்தது. பைக்கை உதைத்தான். மூன்று உதைக்குப் பிறகு, கடகடவென்ற சத்தத்தோடு கிளம்பியது.

அந்தச் சத்தம் காலையில் அவனுக்கு ஓர் அவமானத்தைத் தேடிக் கொடுத்திருந்தது. காத்தாடி மெக்கானிக்கின் மனைவி ஆபீஸ் வாசலில் காத்துக்கொண்டிருந்தார். வாலு பைக்கை நிறுத்துவதற்குள், வணக்கம்கூடச் சொல்லாமல், "டாப்பெட் தளர்ந்திருக்கு தம்பி. எக்ஸாஸ்ட் பக்கம்" என்றார். அதன்பிறகுதான் உள்ளே வந்து உட்கார்ந்து அழுதார்.

அழுகை என்றும் சொல்ல முடியாது. கோபத்தில் கண் கசிந்தது. அவர் வீட்டுக்காரர் முப்பது வருடம் காற்றில் குளிரும் இன்ஜினைத் தவிர வேறு இன்ஜினைத் தொட்டதில்லை. அதனால்தான் காத்தாடி என்ற பெயர். பல் டாக்டரின் இன்ஜின்தான் அவருடைய கடைசி வேலை. ஆறு மாதம் ஒவ்வொரு சாமானாகத் தேடித் தேர்ந்தெடுத்து, எதை ஏன் எடுத்தோம், எதை ஏன் வேண்டாமென்றோம் என்று நோட்டில் எழுதி வைத்திருந்தார். "கட்டி முடிச்சிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்" என்றார் அந்த அம்மா. போனவர் திரும்பவில்லை. இன்றோடு நாற்பத்தோரு நாள்.

இப்போது டாக்டர் சங்கத்தில் படிக்கப்போகும் கடிதம்: 'இறந்தவர் மட்டமான சாமான் போட்டு ஏமாற்றிவிட்டார். அந்தப் பட்டறைக்கு இனி யாரும் வண்டி விட வேண்டாம்.' பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லாரும் அந்தச் சங்கத்தில்தான் இருக்கிறார்கள். வேலைக்கு விட்டிருந்த நான்கு இன்ஜின்களில் இரண்டை நேற்றே ஆள் வைத்துத் தூக்கிப் போய்விட்டார்கள்.

"பட்டறை போனா போகட்டும் மேடம்" என்று அவர் அண்ணியிடம் சொன்னார். "அவர் பொறுக்கின சாமான்ல மட்டம்னு ஒருத்தன் சொல்லக் கூடாது. அந்தக் கராஜ்காரன்தான் பிஸ்டனை மாத்தியிருக்கான். நீங்க கண்டுபிடிச்சுக் குடுங்க."

கண்டுபிடிக்க இருந்த நூல் அது ஒன்றுதான்: இன்ஜினுக்குள் இருப்பது காத்தாடி தேர்ந்தெடுத்த பிஸ்டன்தானா? அதைச் சொல்லக்கூடியவர் ஊரில் ஒரே ஒருவர், பிஸ்டனை விற்ற கடைக்காரர். அந்தக் கடைக்குப் போக வாலுவின் பைக் நாற்பது நிமிடம் இருமியது.

* * *

ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஒரு சந்துக்குள் இருந்தது. கதவிலிருந்து கல்லாவரை ஓர் ஆள் பக்கவாட்டில் நடந்தால்தான் போகலாம். இரண்டு புறமும் கூரைவரை அட்டைப்பெட்டிகள். கடைக்காரருக்குப் பட்டப்பெயர் தராசு. எதை எடுத்தாலும் நிறுத்துப் பார்ப்பார். வாலு கை கொடுத்தபோது அதையும் ஒரு கணம் எடை பார்த்துவிட்டுத்தான் விட்டார்.

"காத்தாடி கேஸா? உட்காருங்க" என்றார். உட்கார இடமில்லை. நின்றார்கள். "அந்த ஆள் சாமான் வாங்குற அழகை நீங்க பார்த்திருக்கணும்மா. பொண்ணு பார்க்கிறவன்கூட அத்தனை குறை சொல்ல மாட்டான். இந்த பிஸ்டனுக்கு நாலு செட்டு வரவழைச்சேன். நாலும் ஒரே எடை இருக்கணும்னு இதே தராசுல வச்சுப் பார்ப்பான். ஒரு கிராம் கூடவா? வேண்டாம். நாலாவது செட்டுதான் எடுத்தான். நான் கெஞ்சினேன், 'அது காருய்யா, கைக்கடிகாரம் இல்லை'ன்னு. 'நாலு பேரும் ஒண்ணா ஓடணும், ஒருத்தன் மட்டும் குண்டா இருந்தா மத்தவனுக்குத்தான் கஷ்டம்'னுட்டான்."

அண்ணி போனை நீட்டினாள். "இது அந்த செட்டா?"

தராசு கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். முதல் படம். இரண்டாவது. மூன்றாவது. நான்காவது. ஒவ்வொன்றிலும் விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"ஒரிஜினல். நாலும்."

"அவ்வளவு சீக்கிரமா எப்படிச் சொல்றீங்க?" என்றான் வாலு.

"அம்பைப் பாருங்க தம்பி. டூப்ளிகேட் அடிக்கிறவன் சோம்பேறி. அம்புக்குத் தலை மட்டும் போடுவான். ஒரிஜினல்ல பின்னாடி சின்னதா ஒரு வால் இருக்கும்."

"அண்ணி, கேட்டுக்கங்க. வால் இருந்தாத்தான் ஒரிஜினல்."

"போனைப் போடு டாக்டருக்கு" என்றாள் அண்ணி. அவள் முகத்தில் காலையிலிருந்து முதல் தடவையாக ஒரு தெளிவு.

அது ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை. டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஸ்பீக்கரில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "சந்தோஷம். சாமான் சரி. அப்படின்னா கட்டினது தப்பு. தேர்ந்தெடுத்தவரும் அவர்தான், கட்டினவரும் அவர்தான். லெட்டர்ல 'மட்டமான சாமான்'ங்கிறதை அடிச்சிட்டு 'மட்டமான வேலை'ன்னு எழுதிக்கிறேன். உங்களுக்கு ரொம்ப நன்றி." போன் அணைந்தது.

"பல் வலிக்குப் போனா நாக்கைப் பிடுங்கி அனுப்புற ஆளா இருக்காரு" என்றான் வாலு.

அண்ணி ஓர் அட்டைப்பெட்டி மேல் சாய்ந்தாள். பெட்டி சரிந்தது. அதைச் சரிசெய்யும்போது கை வேகமாக இயங்கியது, டிராயரை இழுக்கும் அதே வேகம். உதவி செய்யப்போய், இறந்த மனிதரின் பெயரை இன்னும் ஒரு படி கீழே தள்ளியாயிற்று. கராஜ்காரன் பிஸ்டனை மாற்றவில்லை. காத்தாடி மட்டமான சாமான் போடவில்லை. எல்லோரும் யோக்கியம், இன்ஜின் மட்டும் தட்டுகிறது. மணி மூன்றரை.

"இன்னொரு படம் இருக்கு" என்றாள், வேண்டாவெறுப்பாக. "ரெண்டு பிஸ்டனும் சேர்ந்து. இதுலயாவது ஏதாவது தெரியுதான்னு பாருங்க."

தராசு பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியில் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இதை யாரு கட்டினது?"

"காத்தாடிதான்."

"இல்லை" என்றார் தராசு. "அவன் இப்படிக் கட்ட மாட்டான். குடிச்சிருந்தாலும் கட்ட மாட்டான். அவன் குடிக்கவும் மாட்டான். அம்பைப் பாருங்க!"

வாலு எட்டிப் பார்த்தான். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பிஸ்டன். ஒன்றின் அம்பு இந்தப் பக்கம், மற்றதன் அம்பு அந்தப் பக்கம். சண்டை போட்டுக்கொண்ட தம்பதி மாதிரி ஆளுக்கொரு திசை பார்த்துக்கொண்டிருந்தன.

"இதுல என்ன தப்பு?" என்றான். "அம்பு எக்ஸாஸ்ட் பக்கம் பார்க்கணும். புகை வெளிய போற பக்கம். சரியாத்தானே இருக்கு? போன வருஷம் என் பைக்கைப் பிரிச்சப்ப நானே பார்த்தேன்."

தராசு கல்லாவில் ஓங்கித் தட்டினார். "அது பைக்கு! பைக்குக்குத்தான் அந்த வழக்கம். இது காரு. இந்த இன்ஜின்ல நாலு அம்பும் ஒரே பக்கம், ஃப்ளைவீல் பக்கம், பார்க்கணும். அதாவது வண்டியோட முன்பக்கம்." ஓர் அட்டையைக் கிழித்துப் படம் போட்டார். "பிஸ்டனுக்குக் குறுக்க ஒரு பின் போகும். அது நட்டநடுவுல இருக்காது, ஒரு மயிரிழை தள்ளி இருக்கும். அதுக்குத்தான் அம்பே. திருப்பி மாட்டினாலும் வண்டி ஓடும். ஆனா ஒவ்வொரு தடவையும் பிஸ்டன் சுவத்துல போய் இடிக்கும். டக், டக், டக். கொஞ்ச நாள்ல உடம்பெல்லாம் கீறல்."

"அப்ப ஏன் ரெண்டு மட்டும் கீறியிருக்கு?" என்றாள் அண்ணி. குரல் தாழ்ந்திருந்தது. அண்ணனும் விடையை நெருங்கும்போது இப்படித்தான் குரலைத் தாழ்த்துவான்.

"இந்த இன்ஜின்ல புகை போற வாய் ரெண்டு ஓரத்துலயும் இருக்கும்மா. பைக் வழக்கப்படி மாட்டினா, முன்னால இருக்கிற பிஸ்டன் முன்னால பார்க்கும். அது தற்செயலா சரி. பின்னால இருக்கிறது பின்னால பார்க்கும். அது தப்பு. ரெண்டு பக்கமும் அதே கதை."

"அதனாலதான் காத்தாடிப் பக்கத்துல இருந்த ரெண்டு மட்டும் கீறல்" என்றாள் அண்ணி. "கவனமில்லாம செஞ்ச தப்பு கண்டபடி இருக்கும். இது ஒழுங்கான தப்பு. இதைச் செஞ்சவங்க ரொம்பக் கவனமா செஞ்சிருக்காங்க. பைக்கைப் படிச்ச கை."

"பைக் மெக்கானிக்!" வாலு துள்ளினான். துள்ள இடமில்லாததால் தலை பெட்டியில் இடித்தது. "அப்ப காத்தாடி கட்டவே இல்லை! ஆனா ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடியே கட்டி முடிச்சிட்டார்னு அந்த அக்கா சொன்னாங்களே?"

தராசு நெற்றியைச் சுருக்கினார். "முடிச்சிட்டானா? எப்படி முடிச்சிருக்க முடியும்? அந்தப் பின் நழுவாம பிடிச்சுக்க ரெண்டு முனையிலயும் கம்பி வளையம் போடணும். பிஸ்டனுக்கு ரெண்டு, மொத்தம் எட்டு. நான் குடுத்ததை மெல்லிசா இருக்குன்னு திருப்பி அனுப்பிட்டான். புதுசு வந்து சேர்ந்தப்ப..." நிறுத்தினார். "அவன் போய் ஒரு வாரம் ஆயிருந்துச்சு. அந்த அம்மாதான் வந்து வாங்கிட்டுப் போச்சு. அவர் சொல்லி வச்ச சாமான், கிடக்கட்டும், குடுங்கன்னு கேட்டுச்சு. நானும் குடுத்தேன்."

அண்ணி போனைப் பைக்குள் வைத்தாள். "ஒரு பிஸ்டன் இரவல் வேணும். வேண்டாம்னு தள்ளினாரே, அந்த செட்டுல ஒண்ணு."

தராசு அதையும் நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

சந்திலிருந்து வெளியே வரும்போது வாலு வாய் மூடவில்லை. "கேஸ் முடிஞ்சது அண்ணி. காத்தாடிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. அந்த அக்கா யாரோ பைக் மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கட்டச் சொல்லியிருக்காங்க. யாருன்னு கேட்டு, ஆளைப் பிடிச்சு, ஆறு மணிக்குள்ள டாக்டர் முன்னாடி நிறுத்தினா..."

அண்ணி பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பைக் கடகடத்தது.

"வாலு, காலையில உன் பைக்கைப் பத்தி அந்த அம்மா என்ன சொன்னாங்க?"

"டாப்பெட் தளர்ந்திருக்குன்னு. எக்ஸாஸ்ட்..." 

அவன் கை பிரேக்கில் போனது. பின்னால் வந்த வண்டிக்காரன் அவனையும் அவன் பரம்பரையையும் விசாரித்துவிட்டுப் போனான்.

பட்டறைக்குப் போய்ச் சேரும்வரை வாலு ஒரு ஜோக்கும் சொல்லவில்லை.

* * *

பட்டறை சுத்தமாக இருந்தது. சுவரில் ஸ்பானர்கள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதன் வடிவம் பெயின்ட்டில். எடுத்தால் எந்த இடம் காலி என்று தெரியும். மேஜையின் ஒரு பாதியில் வெள்ளைத் துணி விரித்திருந்தது, மேலே ஒன்றுமில்லை. மறுபாதியில் ஒரு பழைய இன்ஜினின் சிலிண்டர் தலை, பக்கத்தில் நீல அட்டை போட்ட நோட்டு. மணி ஐந்து.

மெக்கானிக்கின் மனைவி ஓடி வந்தார். "கராஜ்காரன் ஒத்துக்கிட்டானா?"

"சாமான்ல தப்பில்லை. நாலும் ஒரிஜினல், அவர் எடுத்த அதே செட்டு" என்றாள் அண்ணி.

அந்த அம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "சொன்னேன்ல! நான் சொன்னேன்ல!"

அண்ணி பையிலிருந்து பிஸ்டனை எடுத்தாள். "இதை இந்த சிலிண்டர் தலைக்கு நேரா எப்படி வைக்கணும், கொஞ்சம் காட்டுறீங்களா? எனக்கு விளங்கலை."

வாலு வேறெங்கோ பார்க்க நினைத்தான். முடியவில்லை.

அந்த அம்மா பிஸ்டனை வாங்கினார். புடவைத் தலைப்பால் ஒரு துடைப்பு. கட்டைவிரல் பிஸ்டன் தலையில் நகர்ந்து, அம்பைத் தேடிப் பிடித்தது. கண் அண்ணியைப் பார்த்துக்கொண்டிருக்க, கை தன்பாட்டுக்கு அதைத் திருப்பி, காற்றாடி இருக்க வேண்டிய ஓரத்தில் வைத்தது. அம்பு புகைவாயைப் பார்த்தது, வெளியே.

"இவ்வளவுதான்" என்றார். "இதுல விளங்காம என்ன?"

அவர் அண்ணியின் முகத்தைப் பார்த்தார், வாலுவின் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார்.

"உங்கப்பாவுக்கு என்ன தொழில்மா?" என்று அண்ணி கேட்டாள்.

"பைக் கடை." குரல் எங்கிருந்தோ வந்தது. "எட்டு வயசிலேருந்து அப்பாகூட உட்கார்ந்திருக்கேன். ஏன்... இது... இப்படி இல்லையா?"

அண்ணி தராசு போட்ட அட்டையை மேஜையில் வைத்தாள். நான்கு பிஸ்டன், நான்கு அம்பு, எல்லாம் ஒரே திசை.

அந்த அம்மா அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். கண்ணில் நீர் வரவில்லை.

"இந்தத் துணியில எல்லாத்தையும் வரிசையா பரப்பி வச்சிட்டுப் போனார்" என்றார். "ஒவ்வொண்ணுக்கும் சீட்டு கட்டி. அந்த எட்டு வளையத்துக்கு மட்டும் இடம் காலியா விட்டிருந்தார். ஆஸ்பத்திரியிலேருந்து நான் தனியா திரும்பி வந்தா, இது அப்படியே கிடக்கு. மூடி வைக்கவும் மனசு வரலை, எடுத்து வைக்கவும் மனசு வரலை. என்னதான் பண்றது? கட்டிட்டேன். கட்டி முடிக்கப் பதினோரு நாள் ஆச்சு. அவர் கட்டினதுன்னே சொல்லிக் குடுத்தேன். உங்ககிட்டயும் அதையேதான் சொன்னேன். அவரோட கடைசி வேலை அவர் பேர்லயே போகட்டும்னு."

"உங்க மேலயே சந்தேகம் வரலையா அக்கா?" என்று வாலு மெதுவாகக் கேட்டான்.

"எப்படித் தம்பி வரும்?" நோட்டை எடுத்து மேஜையில் அறைந்தார். "ஒவ்வொரு பக்கத்தையும் மூணு தடவை படிச்சுட்டுத்தான் கை வச்சேன். எந்த வாஷர், எந்தப் பக்கம் மேல, எத்தனை தடவை முடுக்கணும், எந்த எண்ணெய் தடவணும், எல்லாம் இருக்கு. எந்தக் கடை எண்ணெய் வேண்டாம்னுகூட இருக்கு! அம்பைப் பத்தி ஒரு வரி? ஒரே ஒரு வரி? வாஷருக்கு அரைப் பக்கம் எழுதத் தெரிஞ்ச மனுஷனுக்கு இதை எழுத என்ன கேடு?"

"அவருக்கு அது எழுத வேண்டிய விஷயமாவே தெரிஞ்சிருக்காது" என்றாள் அண்ணி. "தன்னோட கை தவிர வேற கை இதைத் தொடும்னு நினைச்சு எழுதலை."

"நினைச்சிருக்கணும்!"

"ஆமா" என்றாள் அண்ணி. "நினைச்சிருக்கணும்." அதை அவள் யாரிடம் சொன்னாள் என்று வாலுவுக்குத் தெரியும். அவன் ஸ்பானர்களை எண்ண ஆரம்பித்தான்.

ஐந்து இருபது. அண்ணி போனை எடுத்தாள். "டாக்டர்கிட்ட நான் பேசறேன். வேற ஒரு ஆள் கட்டியிருக்காங்க, அவர் இல்லைன்னு மட்டும் சொல்றேன். யாருன்னு சொல்ல வேண்டியதில்லை."

அந்த அம்மா தலையை ஆட்டினார். "யாரோன்னு சொன்னா, அவர் வேலையை யாரோ ஒருத்தன் கையில குடுத்துட்டார்னுதானே பேசுவாங்க? அவர் யார் கையிலயும் குடுக்கிற ஆள் இல்லை. போனைக் குடுங்க."

டாக்டர் முதல் மணியிலேயே எடுத்தார். அந்த அம்மா நின்றபடி பேசினார். சுற்றி வளைக்கவில்லை. அவர் செத்த பிறகு நான் கட்டினேன். அவர் கட்டினதுன்னு பொய் சொன்னேன். ரெண்டு பிஸ்டனைத் திருப்பி மாட்டிட்டேன். சாமானெல்லாம் அவர் எடுத்தது, அதுல குறை இல்லை.

மறுமுனையில் ஒரு பல் துளைக்கும் மெஷின் ஓடி நின்றது.

"நீங்க சொன்னதையும் நான் சங்கத்துல படிப்பேன்மா. விட்டுட முடியாது" என்றார் டாக்டர்.

"படிங்க. என் பேரைப் போட்டுப் படிங்க."

"இப்ப என் இன்ஜினுக்கு என்ன வழி? அந்த ரெண்டு பிஸ்டனைத் திருப்பி மாட்டினா போதுமா?"

"போதாது டாக்டர். ரெண்டும் கீறிப்போச்சு. நாலும் ஒரே எடையில சேர்ந்த செட்டு அது, ரெண்டை மட்டும் மாத்தக் கூடாது. நாலையும் புதுசாத்தான் தேர்ந்தெடுக்கணும்."

"தேர்ந்தெடுக்கிறதுக்குத்தான் அவர் இல்லையே. யார் தேர்ந்தெடுப்பா?"

அந்த அம்மா வெள்ளைத் துணியைப் பார்த்தார். மேலே ஒன்றுமில்லாத துணி.

"நான்தான்" என்றார்.

டாக்டர் பெருமூச்சு விட்டது ஸ்பீக்கரில் காற்றாடி போலக் கேட்டது. சம்மதம் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. வெறுமனே கேட்டார்: "எப்போ?"

"நாளைக்குக் காலையில ஸ்பேர் பார்ட்ஸ் கடை திறந்ததும் அங்க நிப்பேன்."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் நோட்டைப் புரட்டினார். எழுத்து முடிந்த கடைசிப் பக்கம். எட்டு வளையங்களைப் பற்றிக் காத்தாடி எழுதிய வரிக்குக் கீழே, ஒரு பென்சிலை எடுத்து, பேப்பர் கிழிந்துவிடும்போல அழுத்தி எழுதினார்: 'நாலு அம்பும் ஃப்ளைவீல் பக்கம்.' எழுதிவிட்டு அடியில் இரண்டு கோடு போட்டார். "இப்ப படிங்க" என்றார், நோட்டைப் பார்த்து.

வாசலில் வாலு பைக்கை உதைத்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது. "தம்பி, அந்த டாப்பெட்டை முடுக்கிட்டுப் போங்க. கேட்கவே சகிக்கலை."

"இன்னைக்கு வேண்டாம்கா. இன்னும் எத்தனை அதிர்ச்சியை இந்த வண்டி தாங்கும்?"

உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டதா, ஸ்பானர் விழுந்த சத்தமா என்று தெரியவில்லை. அண்ணி பின்னால் ஏறி உட்கார்ந்தாள். தெரு முனை வந்தது.

"வாலு."

"சொல்லுங்க அண்ணி."

"வழியில கடப்பாறை விக்கிற கடை இருந்தா நிறுத்து. இன்னைக்கு அந்த டிராயரை உடைக்கிறோம்."